குளிசையைத் தொடங்குவதா, வேண்டாமா?



ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கும்போது மௌலவிமாரிடம் கேட்கப்படும் கேள்விகள் அநேகம். தலாக், வாரிசுப் பங்கு, கனவுக்கு விளக்கம் என்று வருபவை ஒருபுறமிருக்க, அண்மைக் காலமாக என் கையில் லெப் ரிப்போர்ட்டைத் திணித்து, "ஹஸ்ரத், கொலஸ்ட்ரோல் 240 என்று வந்திருக்கு. டொக்டர் குளிசை எழுதிட்டார். இதைக் குடிக்கத்தான் வேணுமா?" என்று கேட்போரின் தொகை கூடிவிட்டது.

ஒரு காலத்தில் இதற்கும் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொன்ன பதில் ஒன்றை உங்களிடம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் சாச்சாவுக்கு அப்போது 61 வயது. மாரடைப்பு வந்து, இருதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் கழிந்திருந்தது. ஒருநாள் அஸருக்குப் பின் வீட்டுக்கு வந்தவர், கிளினிக் கொப்பியை என் முன்னால் விரித்து வைத்தார். "மகன், நெஞ்சு இப்ப நல்லாயிருக்கு. கொலஸ்ட்ரோலும் இறங்கிட்டு. நீ ஓதினவன், நீ சொல்லு. இந்தக் குளிசையை இன்னும் எத்தனை நாளைக்கு விழுங்குறது?" என்றார். நான் கொப்பியைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கருஞ்சீரகத்தின் சிறப்பைச் சொன்னேன், தேனைச் சொன்னேன். "இறங்கிட்டுதென்றால் பிறகு எதுக்கு சாச்சா?" என்று சொல்லி முடித்தேன்.

எட்டு மாதத்தில் மீண்டும் மாரடைப்பு. 1990 அம்பியூலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. அல்லாஹ்வின் கிருபையால் உயிர் தப்பினார். குளிசையை நிறுத்தியதால்தான் அது வந்தது என்று எவராலும் அறுதியிட்டுக் கூற முடியாது; குடித்துக்கொண்டே இருப்பவர்களுக்கும் வருவதுண்டு. ஆயினும் வார்டில் வைத்தியர் கட்டிலருகே நின்று, "யார் உங்களை நிற்பாட்டச் சொன்னது?" என்று கேட்டபோது, பக்கத்தில் நின்ற என்னை ஏறெடுத்தும் பாராமல், "நானேதான் விட்டேன், டொக்டர்" என்றார் சாச்சா. அந்த ஒரு வசனம் என்னை நெடுநாள் தூங்கவிடவில்லை.

அதன் பிறகுதான் இந்த விடயத்தை ஒரு பாடம் போல் உட்கார்ந்து படித்தேன். தெரிந்த வைத்தியர்களிடம் கேட்டேன். இப்போது என்னிடம் ரிப்போர்ட்டை நீட்டுபவருக்கு நான் ‘குடி’ என்றோ ‘விடு’ என்றோ கூறுவதில்லை. திருப்பி ஒரு கேள்வி கேட்கிறேன்: "உங்களுக்கு ஏற்கனவே மாரடைப்போ பாரிசவாதமோ வந்திருக்கிறதா?"

ஏன் இதை முதலில் கேட்க வேண்டும் என்பதை இரண்டு ஆய்வுகள் தெளிவாகக் காட்டுகின்றன. இரண்டும் பழையவை, எனினும் பின்னால் வந்த பல ஆய்வுகள் இவற்றை உறுதிப்படுத்தியே வந்துள்ளன. 1994இல் ஸ்கண்டிநேவிய நாடுகளில் முடிவடைந்த ஆய்வில் சேர்க்கப்பட்ட 4,444 பேரும் ஏற்கனவே இருதய நோயாளிகள். ஒரு பாதிக்கு சிம்வாஸ்டாட்டின் என்னும் குளிசை. மறு பாதிக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத வெற்றுக் குளிசை. ஐந்து வருடத்துக்குச் சற்று மேல் சென்றபோது வெற்றுக் குளிசைப் பக்கத்தில் 256 பேர் இறந்திருந்தார்கள். மருந்துப் பக்கத்தில் 182 பேர். வித்தியாசம் 74 உயிர்கள். அதாவது ஏறத்தாழ முப்பது பேர் ஐந்து வருடம் மருந்து எடுத்தால், அவர்களில் ஒருவரின் மரணம் அக்காலத்தில் தவிர்க்கப்படுகிறது. மருத்துவத்தில் இது மிகப் பெரிய பலன்.

அடுத்த வருடம், 1995இல், மேற்கு ஸ்கொட்லாந்தில் இன்னொரு ஆய்வு வெளிவந்தது. இதில் சேர்ந்த 6,595 ஆண்களும் கொலஸ்ட்ரோல் கூடியவர்கள், ஆனால் மாரடைப்பு வராதவர்கள். இங்கே மருந்தில்லாத பக்கத்தில் 248 பேருக்கு மாரடைப்போ இருதய நோயால் மரணமோ நேர்ந்தது; பிரவாஸ்டாட்டின் குடித்த பக்கத்தில் 174 பேருக்கு. தற்செயலாக இங்கும் வித்தியாசம் 74தான். ஆனால் எண் ஒன்றாக இருந்தாலும் எடை வேறு. அங்கே 74 மரணங்கள். இங்கே 74 பேரின் மாரடைப்புகள், அவற்றிற் பெரும்பாலானவை உயிர் போகாதவை. அதுவும் ஏறத்தாழ நாற்பத்தைந்து பேர் ஐந்து வருடம் குடித்தால் ஒருவருக்கு என்ற கணக்கில்.

இந்த இரண்டாவது ஆய்வின் முடிவை, மாரடைப்பு 31 வீதத்தால் குறைந்தது என்றும் சொல்லலாம். நூறு பேரில் எட்டுப் பேருக்கு வர வேண்டியது ஐந்தரைப் பேருக்கு வந்தது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மையே. முதலாவதைக் கேட்டவர் பாமசிக்கு ஓடுவார். இரண்டாவதைக் கேட்டவர் கொஞ்சம் யோசிப்பார். ஆகவே "31 வீதம் குறையும்" என்று யாராவது சொன்னால், "எத்தனையிலிருந்து எத்தனைக்கு?" என்று கேளுங்கள். கடைக்காரர் ‘முப்பது வீதம் கழிவு’ என்றால் முதலில் விலையைத்தானே கேட்கிறோம்?

இனி உங்கள் விடயத்துக்கு வருவோம். ஏற்கனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்தவர், இரத்தக் குழாய் அடைத்துப் பாரிசவாதம் வந்தவர் ஆகியோருக்கு ‘எடுப்பதா வேண்டாமா’ என்ற கேள்வி பெரும்பாலும் முடிந்துவிட்டது. அவர்களுக்கு எஞ்சியிருப்பது எந்த மருந்து, எவ்வளவு என்பதுதான். ரிப்போர்ட்டில் எண் இறங்கியிருக்கிறதே என்றால், இறக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்தக் குளிசை. விட்டால் சில வாரங்களிலேயே பழைய இடத்துக்கு ஏறிவிடும். என் சாச்சாவிடம் நான் சொல்லத் தவறியது இதைத்தான். கெட்ட கொலஸ்ட்ரோல் என்று சொல்லப்படும் எல்டிஎல் 190க்கு மேல் உள்ளவர்களுக்கும், நாற்பது வயது தாண்டிய சீனி வருத்தக்காரர்களில் பெரும்பாலோருக்கும் வைத்தியர்கள் குளிசையையே சொல்வார்கள். எல்டிஎல் அவ்வளவு கூடியிருந்தால் அது பரம்பரையாக வந்ததாகவும் இருக்கலாம். அப்போது பிள்ளைகளின் இரத்தத்தையும் பார்க்கும்படி கேளுங்கள்.

உண்மையில் யோசித்து முடிவெடுக்க வேண்டியவர்கள் மீதியுள்ளோர். நெஞ்சு நோவில்லை, சீனியில்லை, ரிப்போர்ட்டில் மட்டும் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி. அந்தக் குறி உங்களைப் பற்றியதல்ல என்பதைக் கவனியுங்கள். 35 வயதுப் பெண்ணுக்கும், 65 வயதில் சிகரட் குடிக்கும் ஆணுக்கும் லெப்பில் ஒரே அளவுகோல்தான். ஆனால் அந்த 240 என்ற எண் இருவருக்கும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. வயது, ஆணா பெண்ணா என்பது, பிரஷர், சீனி, புகைத்தல் ஆகியவற்றைக் கொலஸ்ட்ரோலுடன் சேர்த்துப் பார்த்தால்தான் அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை என்று கணிக்கலாம். இதற்கென உலக சுகாதார ஸ்தாபனம் நிறப் பெட்டிகள் கொண்ட ஓர் அட்டவணையே வைத்திருக்கிறது. பச்சை என்றால் குறைவு. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று போகப் போக ஆபத்துக் கூடும். நமது நாட்டில் அரச வைத்தியசாலைகளில் 2011 முதல் ஆரம்பிக்கப்பட்ட ‘ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்’களில் இந்தக் கணிப்பை இலவசமாகச் செய்கிறார்கள். நோய் வந்தால்தான் வைத்தியசாலை என்றிருக்கும் நமது ஆண்களில் எத்தனை பேர் அந்தப் பக்கம் போயிருக்கிறோம்?

அட்டவணையில் ஒரு குறையும் உண்டு. உங்கள் வாப்பாவுக்கோ நானாவுக்கோ ஐம்பத்தைந்து வயதுக்கு முன், அல்லது உம்மாவுக்கோ ராத்தாவுக்கோ அறுபத்தைந்துக்கு முன் மாரடைப்பு வந்ததா என்று அது கேட்பதில்லை. அதை நீங்களேதான் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தெற்காசியர்களாகிய நமக்கு மாரடைப்பு மற்ற இனத்தாரைவிடச் சில வருடங்கள் முந்தியே வருகிறது என்பதும் பல ஆய்வுகளிற் கண்ட உண்மை.

எத்தனை வீதம் என்றால் குளிசை? இங்கேதான் எனக்கு வியப்பு ஏற்பட்டது. பிரித்தானியாவில் 2014 வரை இருபது வீதம் என்று வைத்திருந்தார்கள். அந்த வருடம் பத்தாகக் குறைத்தார்கள். அமெரிக்காவில் அதற்கு முந்திய வருடம் ஏழரை என்றார்கள். ஒரே மனிதர் லண்டனில் இருந்தால் ஒரு பதில், நியூயோர்க்கில் இருந்தால் இன்னொரு பதில். மத்ரஸாவில் ஒரே மஸ்அலாவில் இமாம்களின் இக்திலாஃபைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. தெளிவான இடத்தில் எல்லோரும் ஒரே குரலில் பேசுவார்கள். விளிம்பில் வரும்போது அறிஞர்கள் வேறுபடுவார்கள். நீங்கள் விளிம்பில் நிற்பவரானால், உங்கள் விருப்பமும் அந்தத் தீர்ப்பில் ஒரு பங்கு. தினமும் ஒரு குளிசை குடிப்பது உங்களுக்குப் பாரமா, அல்லது மாரடைப்பு வந்துவிடுமோ என்ற பயம் அதைவிடப் பாரமா? இதை வைத்தியர் உங்கள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

குளிசையைப் பற்றிய பயங்களையும் பார்த்துவிடுவோம். பன்றிக் கொழுப்பில் செய்கிறார்களாமே என்று ஒரு சகோதரி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். இந்த வகை மருந்தை 1970களில் முதலிற் கண்டெடுத்தவர் அகிரா எண்டோ என்னும் ஜப்பானிய விஞ்ஞானி. கண்டெடுத்தது ஒருவகைப் பூஞ்சணத்திலிருந்து. இன்று நம் பாமசிகளில் அதிகம் கொடுக்கப்படும் அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் இரசாயன முறையில் ஆக்கப்படுபவை. மருந்தோடு சேர்க்கும் ஏனைய பொருட்களைப் பற்றிச் சந்தேகமிருந்தால் பாமசிக்காரரிடம் கேட்டு வேறு கம்பனியின் குளிசையை வாங்கலாம். அதற்காக மருந்தை விடத் தேவையில்லை.

கை கால் நோவு என்பதே அதிகம் பேசப்படும் குறை. இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஓர் ஆய்வு இதில் சுவையானது. பக்க விளைவு தாங்காமல் குளிசையை விட்ட 60 பேருக்குப் பன்னிரண்டு போத்தல்கள் கொடுத்தார்கள். நான்கில் மருந்து, நான்கில் வெற்றுக் குளிசை, நான்கு வெறும் போத்தல். மாதம் ஒரு போத்தல். குளிசை இருக்கும் மாதங்களில் எது மருந்து, எது வெற்று என்று அவர்களுக்குத் தெரியாது. மருந்துள்ள மாதங்களில் நோவு இருந்தது உண்மை. ஆனால் அந்தத் தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு, வெற்றுக் குளிசை குடித்த மாதங்களிலும் இருந்தது! வுளூச் செய்த பிறகும் முறிந்துவிட்டதோ என்று திரும்பத் திரும்பப் போகிறவரை நாம் என்ன சொல்வோம்? வஸ்வாஸ் என்போம். இங்கேயும் அதுபோல ஒன்று வேலை செய்கிறது. ஆனால் பத்தில் ஒன்று மிஞ்சுகிறதே, அது மருந்தால் வருவது. ஆகவே நோவு வந்தால் மறைக்காதீர்கள், தானாக நிறுத்தவும் வேண்டாம். சொன்னால் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். கடும் தசை நோவுடன் சிறுநீர் கறுத்துப் போனால் மட்டும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அது மிக அரிது, ஆனால் ஆபத்தானது.

சீனி வருத்தத்தின் விளிம்பில் இருப்பவர்களுக்கு அது சற்று முந்தி வர இந்தக் குளிசை காரணமாகலாம் என்பதும் உண்மை. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஈரலைப் பற்றிப் பயப்படுவோர், தொடங்குமுன் ஒருமுறை அதற்கான இரத்தப் பரிசோதனை செய்வார்கள் என்று அறிந்திருந்தால் போதும். கர்ப்பிணிகள், பாலூட்டுவோர், பிள்ளை எதிர்பார்த்திருப்போர் இதைக் கட்டாயம் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அக்காலங்களில் பெரும்பாலும் கொடுப்பதில்லை. வேறு மருந்து எடுக்கும்போதும், குறிப்பாகச் சில அன்டிபயோட்டிக் எழுதும் வைத்தியரிடமும், ‘கொலஸ்ட்ரோல் குளிசை குடிக்கிறேன்’ என்று வாய் திறந்து சொல்லிவிடுங்கள். நோன்பில் இது பிரச்சினையே இல்லை. நாளுக்கு ஒன்றுதான், சிம்வாஸ்டாட்டினை இரவில் குடிப்பது வழக்கம், மற்ற இரண்டையும் எந்நேரமும் குடிக்கலாம்.

என் சொந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. வயது 47. எல்டிஎல் 148. புகைப்பதில்லை, சீனியில்லை, பிரஷர் விளிம்பில். அட்டவணையில் என் பெட்டி மஞ்சள். ஐந்துக்கும் பத்துக்கும் இடையில். ஆனால் என் வாப்பா 52 வயதில் மாரடைப்பால் மௌத்தானவர். வைத்தியர் அதைக் கேட்டதும் பேனையை வைத்துவிட்டு, "மூன்று மாதம் சாப்பாட்டைத் திருத்திப் பார்ப்போமா, இல்லை இன்றே தொடங்குவோமா? இரண்டும் பிழையில்லை" என்றார். பிழையில்லை என்று அவர் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மூன்று மாதம் கேட்டேன்.

மூன்று மாதமும் உண்மையாகவே முயன்றேன். வீட்டில் தேங்காய்ப்பால் குறைந்தது. கல்யாண வீட்டு சஹனில் இறைச்சிக் கொழுப்பைப் பக்கத்திலிருப்பவரின் பக்கம் தள்ளினேன் (அவருடைய கொலஸ்ட்ரோலைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை, அல்லாஹ் மன்னிப்பானாக). ஸுபஹுக்குப் பின் அரை மணி நடை. 148 இறங்கி 133 ஆனது. சாப்பாட்டால் பத்துப் பதினைந்து வீதம் இறங்குவதே பெரிது. குளிசையென்றால் சாதாரண அளவிலேயே முப்பதுக்கு மேல் இறங்கும் என்று வைத்தியர் விளக்கினார். நடையும் சாப்பாடும் குளிசை குடித்தாலும் வேண்டியவை, ஒன்றுக்கு மற்றது மாற்றல்ல என்றும் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மனைவியிடம் ஷூறா கேட்டேன். அவள் நீண்ட நேரம் யோசிக்கவில்லை. "உங்கட வாப்பா மௌத்தாகக்குள்ள உங்களுக்கு எத்தனை வயசு?" என்று மட்டும் கேட்டாள். பன்னிரண்டு. எங்கள் கடைக்குட்டிக்கு இப்போது பதினொன்று.

நான் குளிசையைத் தேர்ந்தேன். என் இடத்தில், அதே எண்ணோடு, வாப்பா எண்பது வரை வாழ்ந்த ஒருவர் வேண்டாம் என்று முடிவெடுத்தால் அவரையும் நான் குறை சொல்லேன். தவக்குல் எங்கே போனது என்று என்னைக் கேட்டவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுக் கதவுக்கு இரவில் பூட்டுப் போடுகிறார்களா என்று மட்டும் கேட்டேன்.

ஒரு நடைமுறை விடயம். செனல் பண்ணிப் போனால் வைத்தியர் முன் இருக்கக் கிடைப்பது ஐந்து நிமிடம். உள்ளே போனதும் கேட்க நினைத்தது மறந்துவிடும். ‘டொக்டருக்குக் கோபம் வருமோ’ என்ற கூச்சம் வேறு. ஆகவே துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். குளிசை இல்லாமல் எனக்கு நூற்றுக்கு எத்தனை, குடித்தால் எத்தனை, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா, தொடங்கினால் எப்போது திரும்ப இரத்தம் பார்ப்பது. இவ்வளவும் கேட்டாலே போதும். தொடங்கியவர்களுக்கு ஓரிரு மாதத்தில், பிந்தினால் மூன்று மாதத்துக்குள் மறுபரிசோதனை செய்வது வழக்கம். நீங்கள் குடிக்கும் கருஞ்சீரக எண்ணெய், ஆயுர்வேதக் கஷாயம் எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். கருஞ்சீரகத்தை நான் இன்றும் சாப்பிடுகிறேன். ஸ்டென்ட் வைத்தவரின் குளிசைக்குப் பதிலாக அதை எவருக்கும் சொல்வதில்லை.

சாச்சாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. "வாயை மூடிக்கொண்டு டீயைக் குடி" என்றார். ஆனால் நானும் குளிசை தொடங்கிவிட்டேன் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். இப்போதெல்லாம் இஷா முடிந்து ஸலாம் கொடுத்ததும் இரண்டாம் ஸஃப்பிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்து, வாயருகே விரலைக் கொண்டுபோய்க் குளிசை போடுவது போல் சைகை காட்டுகிறார். நான் தலையாட்டிய பிறகுதான் தஸ்பீஹைத் தொடங்குகிறார்.